அறிவிக்க ஏதும் உண்டா

ஏழாம் கேள்வியில் நிற்கிறேன்.
கடந்த ஐந்தாண்டில் இரத்தப் பரிசோதனை ஏதும்
இயல்புக்கு மாறாக வந்ததுண்டா?
ஆம், இல்லை. இரண்டு கட்டம்.
மருத்துவர் எழுதித் தராத மருந்தைப் பற்றிப்
பதினொன்றில் கேட்கிறார்கள்.
அவ்வளவு தூரம் இன்னும் போகவில்லை.

முகவர் ஷெரில் குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள்:
வெள்ளிக்கிழமைக்குள் தந்தால்
குழந்தை பிறக்குமுன் காப்புறுதி கைக்கு வந்துவிடும்,
"நீங்கதான் இவ்வளவு ஃபிட்டாச்சே, பிரதர்."

ஃபிட்.
சட்டைக் கை புயத்தில் ஏற மறுக்கிறது.
மார்சிலிங் சந்தையில் பையன்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.
மாடிப்படியின் மூன்றாம் வளைவில்
காதுக்குள் யாரோ உலக்கை போடுகிறார்கள்.

குப்பிகள் மைலோ டின்னுக்குள், அலமாரி உச்சியில்.
வைட்டமின் என்று கஸ்தூரியிடம் சொன்னது.
சோதித்துப் பார்த்துவிடவா என்றதற்கு
ஹைருல் கையிலிருந்த டம்பெல்லைக் கீழே வைத்தான்:
"பலதுறை மருந்தகத்தில் ஒருமுறை கையை நீட்டு,
எண்ணெல்லாம் கணினியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
அப்புறம் எந்தக் கம்பெனி உன்னைச் சேர்க்கும்?
தெரியாதவரை நீ பொய்யன் இல்லை."
அந்தக் கடைசி வரி எனக்குப் பிடித்திருந்தது.
அதன்மேல் ஏழு மாதம் படுத்துத் தூங்கினேன்.

பிறகு மருத்துவமனையில் கஸ்தூரியிடம்
நாலு குழாய் இரத்தம் எடுத்தார்கள்.
சர்க்கரை, இரும்பு, இன்னும் என்னென்னவோ,
எல்லாவற்றையும் அவள் பெயரில் எழுதினார்கள்.
கையை நீட்டிக்கொண்டு சிரித்தாள்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

சனிக்கிழமை 170ஆம் எண் பேருந்து, கடற்பாலம்,
ஜொகூரில் முடிதிருத்தும் கடைக்கு மேலே ஓர் ஆய்வுக்கூடம்.
நூற்றெண்பது ரிங்கிட், ரொக்கம்.
அடையாள அட்டை கேட்கவில்லை.
பெயர் என்றாள் தூடோங் அணிந்த பெண்.
தவசீலன் என்று முப்பத்தாறு வருடம் சொன்ன வாய்
சீலன் என்றது.
பாதிப் பெயர்தான் கொடுத்தேன்.
இரத்தம் முழுசாய்ச் சொல்லிவிட்டது.
குழாயில் அது இறங்கிய விதமே சரியில்லை,
கோப்பிக்கடை மேசையில்
கறுப்பு கிச்சாப் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி.

மூன்று வரிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தது.
பள்ளியில் எனக்கு ஒருபோதும் கிடைக்காதது.
"சீக்கிரம் டாக்டரைப் பாருங்க, அபாங்.
உங்க ஊரிலேயே பாருங்க."
அங்கே பார்க்க முடியாது என்றுதானே, அம்மா,
இங்கே வந்தேன்.

திரும்பும்போது உட்லண்ட்ஸ் சாவடியில்
மீசை முளைக்காத அதிகாரி ஒருவன்:
"அறிவிக்க ஏதும் உண்டா?"
பையில் குழந்தைச் சட்டை இரண்டு, பாண்டான் கேக் ஒன்று.
காலணிக்குள் மடித்த தாள்
குதிகாலை உறுத்திக்கொண்டிருந்தது.
இல்லை என்றேன்.
காகிதத்துக்கு வரி கிடையாது, பொய்யும் இல்லை.

இப்போது மணி ஒன்றரை.
ஆம் என்றால் இதயத்தை விட்டுவிட்டு
மற்றதற்கெல்லாம் காப்புறுதி தருவார்கள்,
அல்லது அதுவும் தரமாட்டார்கள்.
இல்லை என்றால் வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும்,
ஒருநாள் நான் விழும்வரை.
விழுந்த பிறகு தோண்டுவார்கள்.
முகப்பில் நின்று பதில் சொல்லப்போவது
நான் இல்லை.
ஷெரிலும் இல்லை, ஹைருலும் இல்லை.

கஸ்தூரி எழுந்து வந்தாள், கழிவறைக்கு,
இரவில் இது மூன்றாவது தடவை.
"இன்னும் அந்த ஃபாரமா?"
தடுமாறாமலிருக்க என் நெஞ்சில் கை ஊன்றினாள்.
எடுக்கவில்லை. கொஞ்ச நேரம்
எதையோ எண்ணுகிறவள் போல நின்றாள்.

வாசலுக்குப் போய் இடது காலணியைக் கவிழ்த்தேன்.
மடிப்புகளில் மை தேய்ந்து போயிருந்தது,
நட்சத்திரங்கள் மட்டும் அப்படியே.
விரித்துக் கொடுத்தேன்.
வயிற்றின்மேல் வைத்து,
விளக்குப் பக்கம் சாய்த்து,
மேலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்:

"யாருங்க இந்தச் சீலன்?"